ஜெர்சிக்குள் மறுபடி நுழைந்த கதை: மூன்று வருட அனுபவம்

கிளாஸ்கோ வந்த புதிதில் வாங்கிய ஃபுட்பால் கிளப் ஜெர்சி, ஐந்தே வருடத்தில் தொப்புளுக்கு மேலே நின்றுவிட்டது. எடையைக் குறை என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியும் அசையாத நான், 'ஃபுட்பால் ஃபேன்ஸ் இன் டிரெயினிங்' என்ற, ஆண் ரசிகர்களுக்கான எடை குறைப்பு வகுப்பு எங்கள் ஸ்டேடியத்துக்குள்ளேயே நடக்கிறது என்றதும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். திட்டத்தின் சூட்சுமமே அதுதான்.

12 வாரம், வாரம் ஒருநாள், ஒன்றரை மணி நேரம். முதலில் சாப்பாடு, பீர் பற்றிப் பேச்சு, பிறகு மைதானத்தில் பயிற்சி. நடத்துகிறவர் கிளப் கோச். எடை பார்க்கக் கூச்சமே இல்லை, வரிசையில் நின்ற எல்லாருக்கும் வயிறு முன்னால்தான் போனது. ஆட்ட இடைவேளையில் தின்னும் 'பை' (pie, இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டை ஒன்றாக்கினால் போதும் என்றார்.

இடுப்பில் மாட்ட அடி எண்ணும் கருவி தந்தார்கள். மூன்றாம் வாரம் அதை பேன்ட்டோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். அப்புறம் போனில் அடி எண்ணும் செயலிதான். அதே செயலி முன்பும் என்னிடம் இருந்தது; அது நச்சரிக்கும், நான் அணைத்துவிடுவேன். இப்போது தினமும் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். குறைந்தால் கிண்டல் தாங்க முடியாது. (எங்கள் அணி தோற்ற மறுநாள் மட்டும் யாருமே போடமாட்டார்கள்.) ஒரு குறை: போனை மேஜையில் வைத்துவிட்டு நடந்தால் அந்த நடை கணக்கிலேயே வராது.

104 கிலோவில் தொடங்கினேன். 12 வாரத்தில் 97, இன்று 100. ஏறிவிட்டதே என்று வருத்தம்தான். ஆனால் 747 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: ஒரு வருட முடிவில், வகுப்புக்குப் போனவர்கள் போகாதவர்களைவிடச் சராசரியாக 5 கிலோ அதிகம் குறைத்திருந்தார்கள். மூன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களிடம் மிஞ்சியிருந்த குறைவு சுமார் 3 கிலோ. சரி, நான் ஊரோடு ஒத்துப்போகிறேன்.

உட்காரும் பழக்கம்தான் போகவில்லை. இதே பாணியில் இங்கிலாந்து, நெதர்லாந்து, நார்வே, போர்ச்சுகலில் 15 கிளப்புகள் நடத்திய யூரோஃபிட் என்ற திட்டத்தில், உட்காரும் நேரத்தையும் அளக்கும் கருவியையே கையில் கொடுத்தார்கள். நடை கூடியது, உட்காருவது குறையவில்லை. எனக்கு ஆச்சரியமே இல்லை. சோபாவில் ஆட்டம் பார்க்கும்போது எழுந்து நிற்கச் சொல்லிப் போன் அதிரும். எங்களுக்கு கார்னர் கிடைத்த நேரமாகப் பார்த்துத்தான் அதிரும்.