யுவி டார்ச்சா, கைகர் கவுண்டரா, ஸ்பெக்ட்ரம் கருவியா? சேலத்தில் யுரேனியக் கல் தேடுவோருக்கு

போன மாதம் அக்கா மகன் ஏற்காட்டிலிருந்து ஒரு கல்லைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். "மாமா, யுவி டார்ச் அடிச்சா மஞ்சளா மின்னுது. யுரேனியம்தானே?" மொட்டை மாடி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். மின்னியது உண்மைதான். ஆனால் மின்னியது கல் இல்லை, அதன்மேல் படர்ந்திருந்த கல்பாசி. சுரண்டி எடுத்ததும் வெளிச்சமும் போய்விட்டது. பையன் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான், எந்தக் கருவியை முதலில் வாங்குவது என்று எழுதியே ஆக வேண்டும் எனத் தோன்றியது.

பெரும்பாலானவர்கள் தேடுவது ஆட்டுனைட். கால்சியமும் யுரேனியமும் பாஸ்பேட்டும் தண்ணீரும் சேர்ந்த கனிமம். எடையில் ஏறக்குறைய பாதி யுரேனியம். எலுமிச்சை மஞ்சளிலோ இளம்பச்சையிலோ மெல்லிய சதுரத் தகடுகளாக இருக்கும். நகம் பட்டாலே கீறல் விழும்.

யுவி டார்ச் விலை குறைவு, கையடக்கம். 365 நானோமீட்டர் அலைநீளத்தில் எரியும் புறஊதா விளக்கும் அதன் முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடியும் இருந்தால் போதும். வடிகட்டி இல்லாவிட்டால் டார்ச்சின் ஊதா வெளிச்சமே கண்ணை ஏமாற்றும். ஆட்டுனைட் அதன் கீழே கிளிப்பச்சையாகப் பளிச்சென்று எரியும். ஒரு தடவை பார்த்தவருக்கு மறக்காது. ஆனால் கல்பாசியும் ஒளிரும், நம்மூர் வெள்ளைக்கல்லில் (மேக்னசைட்) சில துண்டுகளும் நீலவெள்ளையாக ஒளிரும், ராத்திரியில் பாறை இடுக்கிலிருக்கும் தேளும் ஒளிரும் (கை வைக்கும் முன் டார்ச் அடிப்பது இதற்காகவாவது நல்லது). யுரேனியம் துளியூண்டு கலந்த ஹயலைட் என்ற கண்ணாடி போன்ற ஓபல் கூட அதே பச்சையில் ஒளிரும். இதைவிடப் பெரிய குறை, நிஜமான யுரேனியக் கனிமங்களையே டார்ச் தவறவிடுவது. டார்பெர்னைட்டில் கால்சியத்துக்குப் பதில் செம்பு இருக்கிறது; செம்பு ஒளிர்வை அணைத்துவிடும். கன்னங்கரேலென்று கனக்கும் யுரேனினைட்டும் ஒளிராது.

விளக்கடியில் ஊமையாகக் கிடக்கும் அந்த டார்பெர்னைட்டைத்தான் 1898-இல் மேரி கியூரி மின்னளவியில் (கதிரால் காற்றில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கருவி) வைத்தார். அதிலிருந்த யுரேனியத்தின் அளவுக்கு மீறிக் கதிர் வந்தது. அதே கனிமத்தை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து அளந்தபோது அவ்வளவு வரவில்லை. இயற்கைக் கல்லுக்குள் வேறு ஏதோ தனிமம் இருக்கிறது என்ற சந்தேகம் வலுத்து, பொலோனியத்துக்கும் ரேடியத்துக்கும் வழி திறந்தது. கதிரை எண்ணிப் பார்க்கும் கருவிக்கு நான் முதலிடம் கொடுப்பது இதனால்தான்.

அந்தக் கருவிதான் கைகர் கவுண்டர்; கதிர் விழுந்தால் எண்ணுவது அதிலுள்ள குழாய். அதில் இரண்டு வகை. உலோக உருளைக் குழாய் மலிவு. யுரேனியம் விடும் கதிர்களில் ஒன்றான ஆல்ஃபா, காகிதத்தையே தாண்டாது; அதற்குள் நுழையாது. மெல்லிய மைக்கா தகட்டை ஜன்னலாக வைத்த தட்டைக் குழாய் ஆல்ஃபாவையும் பிடிக்கும். கையில் காசு இருந்தால் இதையே வாங்குங்கள். கல்லை எடுக்கும் முன் அந்த இடத்தின் இயல்பான எண்ணிக்கையைப் பத்து நிமிடம் எடுங்கள். பிறகு கல்லை வைத்துப் பத்து நிமிடம். வித்தியாசம்தான் விடை. திரையில் வரும் மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அலகு) எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். பீட்டாக் கதிரும் சேர்ந்து விழும்போது அந்த எண் உடம்பு வாங்கும் அளவைக் காட்டாது.

இதிலும் ஒரு குறை உண்டு. கதிர் இருக்கிறது என்று சொல்லும். யாருடைய கதிர் என்று சொல்லாது. சேலத்தில் இது சின்ன விஷயமில்லை. சேர்வராயன் மலையின் சார்னோகைட், பூமியின் ஆழத்தில் வெந்து வறண்ட பாறை. இந்த வகைப் பாறையில் யுரேனியம் பொதுவாகக் குறைவு. வெள்ளைக்கல் கிடைக்கும் பாறையிலும் எதிர்பார்க்காதீர்கள். கவுண்டர் துள்ள வாய்ப்புள்ளது மேற்கே. பக்கநாட்டில் உள்ள கார்பனடைட் என்ற கார்பனேட் பாறையில் மோனசைட், அலனைட் என்ற கனிமங்கள் உண்டு. அங்கே துள்ள வைப்பது பெரும்பாலும் அவற்றிலுள்ள தோரியம் என்ற வேறொரு கதிரியக்கத் தனிமம். கவுண்டரின் காதுக்கு இரண்டும் ஒரே சத்தம்.

அதைப் பிரித்துச் சொல்வது, கதிர் பட்டால் மினுக்கும் சிண்டிலேஷன் படிகம் வைத்த ஸ்பெக்ட்ரம் கருவி. காமாக் கதிரின் ஆற்றலை அளந்து மலைமுகடு மாதிரி வரைந்து காட்டும். 352, 609 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் முகடு வந்தால் யுரேனிய வரிசை, அதாவது யுரேனியமும் அது சிதைந்து அடுத்தடுத்து உருவாகும் தனிமங்களும். 583, 911 என்றால் தோரியம். 1460 மட்டும் என்றால் ஃபெல்ஸ்பாரிலுள்ள பொட்டாசியம். 240 அருகே வரும் முகட்டை நம்பாதீர்கள், இரண்டு வரிசைக்கும் அங்கே வீடு இருக்கிறது. ஆட்டுனைட்டில் இன்னொரு நுணுக்கம்: அது அண்மைக்காலத்தில் உருவானதாக இருந்தால், கியூரியின் செயற்கைக் கல்லைப் போலவே ரேடியம் சேர நேரம் இருந்திருக்காது. ரேடியத்துக்குப் பின் வரும் தனிமம் தருவதால் 609 மெலிந்து கிடக்கும். அப்போது யுரேனியத்துக்கு அடுத்து உடனே உருவாகும் தனிமத்தின் 63, 93 முகடுகளைப் பாருங்கள். விலை அதிகம், பலவீனமான கல்லுக்கு ஒரு ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். தனியாக வாங்காமல் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள்.

ஆக, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கவுண்டர். அது துள்ளிய கல்லுக்கு மட்டும் டார்ச் அடியுங்கள். துள்ளலும் கிளிப்பச்சையும் சேர்ந்து வந்தால் ஆட்டுனைட் என்று நம்பத் தொடங்கலாம்.

எடுத்து வருவதா, விட்டு வருவதா என்றால், விட்டு வாருங்கள் என்பேன். யுரேனியம் இருப்பதைக் கண்டறிந்தவர் மூன்று மாதத்துக்குள் மத்திய அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1962-இன் அணுசக்திச் சட்டம் வகுத்தது. படமும் இடக்குறியும் எண்ணிக்கையும் எடுத்து ஹைதராபாத்தில் உள்ள அணு கனிம இயக்ககத்துக்கு எழுதலாம். ஆட்டுனைட் நம் வீட்டுக்கு ஏற்ற கல்லும் இல்லை. சேலத்துக் கத்திரி வெயிலில் அதன் தண்ணீர் வற்றி, தகடுகள் உதிர்ந்து தூளாகும். அந்தத் தூள் மூச்சில் போவதுதான் உண்மையான ஆபத்து. கல்லைத் தொட்டிருந்தால் கையைக் கழுவாமல் டீ கிளாஸைக் கூட எடுக்காதீர்கள்.