ஷெஃபீல்டு கத்தித் தொழிலாளி வம்சம்: எந்தப் பதிவேட்டில் தேடுவது?

வடக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சம்பந்தம் வைத்துக்கொண்ட வீடுகளில், பேரப்பிள்ளைகள் வம்சாவளிப் படம் வரைய உட்காரும்போது நாலு தலைமுறைக்கு முன்னால் எப்படியும் ஒரு கத்திக்காரர் வந்து நிற்பார். கத்தி அடித்தவர், சாணை பிடித்தவர், பிடி போட்டவர், அரம் வெட்டியவர், யாராவது ஒருவர். அவரைப் பற்றித் தேட முக்கியமாக நான்கு வழிகள் உண்டு: கட்லர்ஸ் கம்பெனியின் பதிவேடு, சென்சஸ், வியாபார டைரக்டரி, பிறப்பு–திருமண–இறப்புச் சான்றிதழ்கள். பெரும்பாலானோர் முதலாவதில் போய் விழுகிறார்கள். என் ஓட்டு கடைசிக்கு.

கட்லர்ஸ் கம்பெனிக்கு மவுசு இருப்பதில் வியப்பில்லை. ஷெஃபீல்டும் சுற்றுப்புறமும் சேர்ந்த ஹாலம்ஷயர் வட்டாரத்துக் கத்தித் தொழிலை ஒழுங்குபடுத்த 1624-ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு அமைத்த சங்கம் அது. தொழில் பழக வந்த பையன் பெயர், அப்பா பெயர், அப்பாவின் ஊர், யாரிடம் வேலைக்குச் சேர்ந்தான், பிறகு எப்போது சங்கத்தில் உரிமை பெற்றான் என்று ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். 1624 முதல் 1814 வரையான பட்டியலை ராபர்ட் ஈடன் லீடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டதால், கையெழுத்தோடு மல்லுக்கட்டும் வேலையும் இல்லை. ஆனால் 1814-ல் வந்த சட்டம், தொழில் பழகாதவரும் சங்கத்தில் சேராதவரும் இந்த வேலையைச் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. நகரம் ஊதிப் பெருத்ததோ அதற்குப் பிறகுதான். 1850-ல் சாணைக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தவரை இந்தப் பட்டியலில் தேடுவது வீண்வேலை.

சரி, சென்சஸ்? தொடங்க நல்ல இடம். 1841 கணக்கெடுப்பை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1851 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, பிறந்த ஊர் எது என்ற விவரமும் சேர்ந்தது. ஷெஃபீல்டு பக்கங்களின் ருசி தொழில் பத்தியில் இருக்கிறது. வெறும் ‘தொழிலாளி’ என்று நிற்காது. பேனாக்கத்திக்குச் சாணை பிடிப்பவர், மேசைக்கத்திக்குப் பிடி போடுபவர் என்று பிரித்தே எழுதியிருப்பார்கள். 1881 கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியலை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1921 வரையான கணக்கெடுப்புகளைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். 1931-க்கு உரியது 1942-ல் தீயில் போய்விட்டது. குறை என்றால், பெண்களின் வேலை. மெருகேற்றும் பட்டறைகளில் பழுப்புக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு உழைத்த ‘பஃபர் கேர்ள்’களில் எத்தனையோ பேருக்கு, கல்யாணமானதும் தொழில் பத்தி காலியாகவே கிடக்கும்.

டைரக்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொந்தமாகத் தொழில் நடத்தியவர்கள்தான் அதில் வருவார்கள். கூலிக்கு வேலை பார்த்தவர் வரமாட்டார். உங்கள் மூதாதை ‘லிட்டில் மெஸ்டர்’, அதாவது பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்த குட்டி முதலாளி என்றால் தேடிப் பாருங்கள். வீட்டில் பழைய கத்தி இருந்து அதில் முத்திரையும் இருந்தால், 1787-ல் கேல்ஸும் மார்ட்டினும் போட்ட டைரக்டரி உதவும். முத்திரைகளையே அதில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இப்போது சான்றிதழ்கள். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் அரசுப் பதிவு. ஒரு தலைமுறை மேலே ஏற வேண்டுமானால் திருமணச் சான்றிதழ்தான்: மணமகன், மணமகள் இருவரின் அப்பா பெயரும், அவர்களின் தொழிலும் அதில் உண்டு. வயது வந்தவரின் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. ஆனாலும் கத்திக்காரர் குடும்பம் என்றால் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். காரணம், இந்தத் தொழில் ஆளைக் கொன்றது. தண்ணீர் படாமல் உலர்ந்த கல்லில் முள்கரண்டிக்குச் சாணை பிடித்தவர்கள் கல்தூளையும் இரும்புத்தூளையும் சுவாசித்து முப்பதுகளிலேயே போய்ச் சேர்ந்தார்கள். ‘கிரைண்டர்ஸ் ஆஸ்துமா’ என்றே நோய்க்குப் பெயர். அரம் வெட்டியவர்கள் ஈயக்கட்டியின் மேல் வைத்து வெட்டியதால் ஈய நஞ்சு ஏறியது. இறப்புக் காரணத்தை வைத்தே அவர் என்ன வேலை பார்த்தார் என்று பல நேரம் ஊகித்துவிடலாம்.

இன்னொரு பயனும் உண்டு. கணவன் இளவயதில் செத்தால், விதவை மறுமணம் செய்துகொள்வாள். அடுத்த சென்சஸில் பிள்ளைகள் மாற்றாந்தகப்பன் பெயரில் எழுதப்பட்டிருப்பார்கள். குடும்பமே மாயமாகிவிட்டது போலத் தோன்றும். இறந்த தேதி கையில் இருந்தால், மறுமணப் பதிவை எந்த ஆண்டிலிருந்து தேடுவது என்று தெரிந்துவிடும். காசு செலவழிக்கும் முன் ஷெஃபீல்டு இண்டெக்சர்ஸ் என்ற தன்னார்வலர் தளத்தில் அடக்கப் பதிவுகளைப் பார்த்துவிடுங்கள். தேதி அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

1814-க்கும் 1837-க்கும் இடையே ஒரு பள்ளம் விழுகிறதே என்று கேட்கலாம். தேவாலய ஞானஸ்நானப் பதிவு அதை ஓரளவு நிரப்பும். 1813 முதல் அதற்கென்று அச்சடித்த படிவம் வந்தது. அப்பாவின் தொழிலுக்குத் தனிப் பத்தி உண்டு.

அப்புறம், குடும்பம் லாக்ஸ்லி, டான் ஆற்றங்கரைகளில் இருந்திருந்தால் மட்டும் ஒன்று. 1864 மார்ச் 11 இரவு டேல் டைக் அணை உடைந்து சுமார் 240 பேர் செத்தார்கள். நட்டஈடு கேட்டு வந்த ஆயிரக்கணக்கான மனுக்களை ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பெயர், முகவரி, வெள்ளத்தில் போன சாமான், வேலை நின்றதால் இழந்த கூலி எல்லாம் அதில் வரும். டைரக்டரி எட்டிப் பார்க்காத கூலிக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள்.