எச்.சி.-எஸ்.ஆர்.501 அசைவுணரி: எட்டு மாதம் தோட்டத்தில் வைத்துப் பார்த்தபின்

எங்கள் தோட்டத்தில் பழுத்து விழும் பலாவை இரவில் வந்து குடைந்துவிட்டுப் போவது எது என்று அறிய, அசைவு கண்டால் தானே படமெடுக்கும் கேமரா ஒன்றை வீட்டிலேயே செய்தேன். அதற்குக் கண்ணாக இருப்பது, உடல் வெப்பம் நகர்வதை வைத்து அசைவை அறியும் எச்.சி.-எஸ்.ஆர்.501 அசைவுணரி; படம் பிடிப்பது, கேமராவும் வைஃபையும் கொண்ட சிறு கணினிப் பலகையான இ.எஸ்.பி.32-கேம். நூறு ரூபாய்க்குள் வாங்கிய இந்த உணரி காரணமில்லாமல் அசைவு என்று காட்டிக்கொண்டே இருக்கும் என்று பலர் என்னை எச்சரித்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு சொல்கிறேன்: அந்தப் பழியில் பெரும்பகுதி ஒயரிங்கைச் சேர வேண்டியது.

வாங்கியவுடன் வெள்ளைக் குவிமாடத்தை மெதுவாக நெம்பிக் கழற்றிப் பாருங்கள். ஒயர் இணைக்கும் மூன்று ஊசிகளின் பெயர்களும் பெரும்பாலும் அதனடியில்தான் அச்சிடப்பட்டிருக்கும். எல்லாப் பலகைகளிலும் நேர்முனையும் எதிர்முனையும் ஒரே வரிசையில் வருவதில்லை என்பதால், வேறொருவர் வரைந்த படத்தை நம்பி இணைக்க வேண்டாம். உணரிக்கு 4.5 முதல் 20 வோல்ட் வரை கொடுக்கலாம். ஒற்றை 18650 லித்தியம் செல் தரும் 3.7 வோல்ட் போதாது. எனவே 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பூஸ்ட் பலகை ஒன்று தேவைப்பட்டது. வெளியீடு 3.3 வோல்ட்டாகவே வருவதால் அதை இ.எஸ்.பி.32-க்கு நேராகக் கொடுக்க முடிகிறது.

முதல் இரவில் நூற்றுக்கணக்கான வெற்றுப் படங்கள் பதிவாகியிருந்தன. கேமரா விழிக்கும் கணத்தில் மின்னோட்டத்தைச் சட்டென்று இழுக்கிறது, மின்னழுத்தம் ஒரு நொடி தாழ்கிறது, அந்தத் தாழ்வையே உணரி அசைவாக எடுத்துக்கொண்டு மறுபடியும் கேமராவை எழுப்புகிறது. உணரியின் ஊசிகளுக்கு அருகிலேயே அந்தத் தாழ்வை ஈடுகட்டும் 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்து, ஒயர்களைக் குட்டையாக வெட்டி முறுக்கி, உணரியை வைஃபை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைத்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

மீதியிருந்த கோளாறு நான் வைத்த ஒரு டிரை சால்டரால், அதாவது ஈயம் சரியாக ஒட்டாத இணைப்பால், வந்தது. எதிர்முனை ஊசியின் மேல் ஈயம் மங்கிய உருண்டையாக நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஊசியைச் சுற்றி மயிரிழை அளவு கருவளையம் தெரிந்தது. ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸைச் சிறிது தடவி, 25 வாட் அயர்னின் முனையை ஊசியிலும் அதைச் சுற்றியுள்ள செம்புப் பேடிலும் ஒருசேர வைத்து, இரண்டும் சூடேறிய பிறகு 60/40 ஈயத்தை (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) தொட்டேன். அது ஊசியைத் தழுவிப் பளபளப்பான சிறு கூம்பாக இறங்கியது. சொருகும் ஜம்பர் ஒயர்கள் மேசைச் சோதனைக்குச் சரி. பனியிலும் ஈரத்திலும் நிற்க வேண்டிய கருவிக்கு நேரடிச் சால்டரும் சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் கட்டாயம்.

பலகையிலுள்ள இரண்டு பிரீசெட்டுகளில் (திருகி அளவை மாற்றும் சிறு குமிழ்களில்) நேரத்தைக் குறிப்பதை மிகக் குறைவாக வைத்தால் ஏறத்தாழ மூன்று நொடிக்குத் துடிப்பு வருகிறது. தூரத்தை நடுவில் வைத்திருக்கிறேன். மின்சாரம் கொடுத்தபின் ஒரு நிமிடம் காத்திருந்தே சோதிக்க வேண்டும். குறுக்கே நடக்கும் விலங்கை இது நன்றாகப் பிடிக்கிறது. நேராக எதிரே வருவதைத் தாமதமாகவே உணர்கிறது. ஆகவே பாதைக்குப் பக்கவாட்டில் கட்டுங்கள். சித்திரை மாத மாலைகளில் தரையின் சூடும் விலங்கின் உடல் சூடும் நெருங்கிவிடுவதால் எட்டும் தூரம் குறைந்துபோகிறது. இது இந்த வகை உணரியின் உண்மையான குறை; நள்ளிரவுக்குள் தானே சரியாகிவிடும்.

மழைக்குப் பயந்து குவிமாடத்தின் முன் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைக்காதீர்கள். உடல் வெப்பக் கதிர் அவற்றைக் கடக்காது. பெட்டியில் துளையிட்டுக் குவிமாடத்தை வெளியே நீட்டி, விளிம்பைச் சிலிக்கோனால் அடைத்திருக்கிறேன். இரண்டு மழைக்காலங்களிலும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. பலாவைக் குடைந்தது மரநாய். வேரடியில் நின்று பழத்தை இரு முன்கால்களாலும் பற்றியிருக்கும் அதன் படம் இப்போது என் மேசையில் இருக்கிறது.