வங்கக் கடலில் இறங்கும் துகள்: பொறியா, தோரியமா, கேமராவா?

கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருவதாகக் கணக்கு. அதில் ஒரு பகுதி டெல்டாவிலேயே தங்கிவிடுகிறது. ஒரு பகுதி வங்கதேசக் கரைக்கு அருகே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கில் குவிகிறது. மிச்சத்தில் ஒரு சிறு பங்கு திறந்த கடலில் பரவி, செத்த பாசியோடும் மிதவை உயிரிகளின் கழிவோடும் ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அளவில் சிறியதானாலும், காற்றிலிருந்து கடல் வாங்கிய கரிமத்தையும் ஆழத்துக்கு இழுத்துச் செல்வது இந்தப் பங்குதான். இதை அளக்க மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தீவிர ஆதரவாளர்கள் உண்டு. எனக்கும் ஒரு சாய்வு உண்டு.

மூத்தது வண்டல் பொறி. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் 1987 முதல் வங்கக் கடலின் வடக்கு, நடு, தெற்குப் பகுதிகளில் இறக்கியது இதைத்தான். அரை சதுர மீட்டர் அளவில் வாய் திறந்த ஒரு பெரிய புனல்; வாயில் தேன்கூடு போன்ற தடுப்பு; அடியில் மோட்டாரால் சுழலும் கோப்பைகள். 21 கோப்பைகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதினேழு நாள் கொடுத்தால் ஓராண்டின் மழையும் வெயிலும் வரிசையாகச் சேர்ந்துவிடும். கடலடியில் நங்கூரம், மேலே கண்ணாடி மிதவைகள். எடுக்கப் போகும்போது கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை அனுப்பினால் கொக்கி விடுபட்டு மொத்தமும் மேலே வர வேண்டும். வராவிட்டால் ஓராண்டு உழைப்பு கடலோடு போயிற்று.

வந்த பிறகும் பாடு தீர்வதில்லை. பிடிபட்டது அழுகாமலிருக்கக் கோப்பையில் ஃபார்மலின் போன்ற நஞ்சு கலந்த உப்புநீர் வைத்திருப்பார்கள். இரை தேடித் தானாக நீந்தி உள்ளே வந்த கோப்பிபாடு என்ற சிறு மிதவை உயிரியும் அதிலேயே செத்துக் கிடக்கும். அது மேலிருந்து விழுந்த துகள் அல்ல. கணக்கில் சேர்த்தால் கரிம அளவு எகிறிவிடும். எனவே ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். மேலே செத்து விழுந்தது எது, உள்ளே வந்து செத்தது எது என்பது பொறுக்குபவரின் அனுபவத்தைப் பொறுத்த தீர்ப்பு. எண்கள் துல்லியமாக அச்சாகும் அட்டவணைகளுக்குப் பின்னால் இப்படியொரு இடுக்கி இருப்பதை வாசகர்கள் நினைத்துக்கொள்வது நல்லது.

இதைவிடப் பெரிய குறை நீரோட்டம். காற்றில் சாய்ந்து பெய்யும் மழையைக் குடத்தில் பிடிப்பது போலத்தான்: வேகம் கூடினால் வாய்க்குள் விழ வேண்டியது தாண்டிப் போகும், போக வேண்டியது விழும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஓட்டம் பெரும்பாலும் மெதுவானது. மேலே முதல் சில நூறு மீட்டரில் நிலைமை மோசம். இதை 1991-இல் உரக்கச் சொன்னவர் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த கென் பியூசலர். பொறிகளை உரசிப் பார்க்க அவர் கையில் எடுத்த உரைகல் தோரியம்-234 என்ற கதிரியக்கப் பொருள்.

அதன் கணக்கு அழகானது. யுரேனியம்-238 கடல்நீரில் கரைந்தே இருக்கும்; உப்பின் அளவை வைத்தே அது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அது சிதைந்து உண்டாகும் தோரியமோ கண்ட துகளிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். துகள் மூழ்கினால் தோரியமும் கூடவே மூழ்கும். யுரேனியத்தின் கதிரியக்கத்தைவிடத் தோரியத்தின் கதிரியக்கம் குறைந்திருந்தால், அந்தக் குறைவே இறங்கிய துகளுக்குச் சாட்சி. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 24 நாள் என்பதால் கடந்த சில வாரங்களின் கதை கிடைக்கும். நான்கு லிட்டர் நீர் போதும்: மாங்கனீசு ஆக்சைடு வீழ்படிவோடு தோரியத்தைப் பிடித்து, வடிதாளில் வடித்து, கதிர்வீச்சை எண்ணும் பீட்டா எண்ணியில் வைக்கலாம். சில மாதங்கள் கழித்து, தோரியம் முழுவதும் சிதைந்த பின், அதே வடிதாளை மறுபடி எண்ணிப் பின்னணியைக் கழிப்பார்கள். நங்கூரம் தேவையில்லை, கப்பல் நிற்கும் இடமெல்லாம் அளக்கலாம்.

ஆனால் வங்கக் கடலில் இந்த அழகு கொஞ்சம் கலைகிறது. மழைக்காலத்துக்குப் பின் வடக்கே ஆற்றுநீர் பரவி உப்பு வெகுவாகக் குறையும். பெருங்கடலின் சூத்திரத்தை அப்படியே போடாமல் யுரேனியத்தை நேரில் அளப்பதே பாதுகாப்பு. எளிய கணக்கு, கடல் சில வாரங்களாக ஒரே நிலையில் இருந்ததாகக் கொள்கிறது. புயல் வந்து போன கடலில் அந்த அனுமானம் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேல், தோரியத்திலிருந்து கரிமத்துக்கு வர, மூழ்கும் துகளில் இரண்டும் என்ன விகிதத்தில் உள்ளன என்று தெரிய வேண்டும். அதற்குத் துகளைப் பிடித்தாக வேண்டும். தோரியம்காரர்களும் கடைசியில் நீரை இழுத்து வடிக்கும் பம்ப்பையோ பொறியையோ தேடித்தான் வருகிறார்கள்.

கேமராவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிரான்சின் வில்ஃபிரான்ஷ் ஆய்வகத்தில் உருவான நீரடிக் கேமரா, ஒளியூட்டிய சிறு நீர்ப்பகுதியைப் படமெடுத்துத் துகள்களை எண்ணி அளவிடுகிறது. இப்போது தானியங்கி மிதவைகளிலும் பொருத்துகிறார்கள். புயலுக்கு முன்னும் பின்னும் மீட்டர் மீட்டராகப் பார்க்க இதற்கு நிகரில்லை. ஆனால் அளவைப் பாரமாகவும் வேகமாகவும் மாற்றுவது அனுபவச் சூத்திரம்தான். ஒரே அளவுள்ள இரண்டு திரள்களில் ஒன்று வெறும் பாசியாகவும் மற்றது களிமண் ஏறியதாகவும் இருக்கலாம். இறங்கும் வேகம் பெரிதும் மாறும். ஆற்றுக் களிமண் ஏறிய கடலில் இது சின்னக் குறை அல்ல.

ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் நான் ஆழ்கடல் பொறிக்கே கொடுப்பேன். கையில் பொருளைத் தருவது அது மட்டும்தான். களிமண்ணில் ஸ்மெக்டைட் என்ற கனிமம் மிகுந்தால் தக்காணத்தின் கரிசல் மண், கோதாவரி, கிருஷ்ணா வழி வந்தது. இல்லைட், குளோரைட் என்ற கனிமங்கள் மிகுந்தால் இமயத்து மண். இந்த வேறுபாட்டைத் தோரியமும் சொல்லாது, படமும் காட்டாது. ஆனால் மேல் 200 மீட்டருக்கு நங்கூரமிட்ட பொறியின் எண்ணை மட்டும் காட்டி யாராவது வாதிட்டால் நம்பமாட்டேன். அங்கே தோரியம்தான் முதல். ஓட்டத்தோடு தானும் மிதந்து செல்லும் பொறிகள் வந்திருக்கின்றன. அவை நீரோட்டச் சிக்கலைக் குறைக்கின்றன என்றாலும், சில நாட்களுக்கு மேல் ஓடவிடுவதில்லை.

கண்டத்திட்டுக்கு அருகே போனால் மூன்றுமே தடுமாறும். அலை கிளறிய அடிச்சேறு பக்கவாட்டில் வந்து பொறியில் விழும், தோரியத்தைப் பறிக்கும், கேமராவின் பார்வையை மறைக்கும். அங்கே இறங்குவதை விட்டுவிட்டு, படிந்ததை அளப்பதே மேல்: குழாய் இறக்கி அடிமண்ணை எடுத்து, 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210-ஐ வைத்து, ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் சேர்ந்தது என்று பார்ப்பது.