பிளக்கைக் கரியாக்கும் பழைய புல்லட்டுக்கு ராயப்பேட்டையில் ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்

சென்னையில் பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் வைத்திருக்கிறீர்களா, அது பெட்ரோலைக் குடித்துக்கொண்டே பிளக்கைக் கரியாக்குகிறதா, அப்படியென்றால் ராயப்பேட்டையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். போர்டு கிடையாது. அந்தச் சாலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களிடம் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பார்ப்பவர் எங்கே என்று கேட்டால் கைகாட்டிவிடுவார்கள்.

என் வண்டி ஸ்டாண்டர்டு 350. கிக்கர் மட்டும், பாயிண்ட் செட் (திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் முனைகள்) இக்னிஷன், மிக்கார்ப் வி.எம். 24 கார்புரேட்டர். காலையில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் அருமையாகப் போகும், எஞ்சின் சூடேறியதும் சிக்னலில் திணறித் திணறி அணையும். பாதி ஆக்சிலரேட்டரில் ஒரே சீராகப் போனால் எஞ்சின் ஒரு அடி விட்டு ஒரு அடிதான் எரிந்து அடிக்கும். சைலன்சர் வாயெல்லாம் கரி, பின்னால் வருபவருக்குப் பெட்ரோல் வாடை, முன்பு லிட்டருக்கு 35 கொடுத்த வண்டி 22-க்கு இறங்கிவிட்டது. இதற்கு முன் காட்டிய இடத்தில் பிளக் மாற்றினார்கள், மெயின் ஜெட்டை (பெட்ரோல் அளவாகப் போகும் துளையுள்ள திருகு) சின்னதாகப் போட்டார்கள், அப்புறம் "எஞ்சின் போர் பண்ணணும் சார்" என்று, அதாவது சிலிண்டரையே கடைய வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். பிளக் கறுப்பானாலே எஞ்சின் வேலை என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பெட்ரோல் கரி காய்ந்து பொடிப்பொடியாக இருக்கும், ஆயில் ஏறினால் ஈரமாகப் பளபளக்கும், விரலால் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

இந்த அண்ணன் முதலில் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. பாயிண்ட் கேப்பைப் பார்த்தார் (0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்), பிளக்கை ஹெட்டில் வைத்து உதைத்து ஸ்பார்க்கின் நிறத்தைப் பார்த்தார். ஸ்பார்க் பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் சரியாக எரியாமல் பிளக் கறுக்கும் என்பதால் இதுதான் சரியான வரிசை. அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு ஒரு வேலை செய்தார், எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது. எஞ்சினை ஐடிலிங்கில் விட்டுவிட்டுப் பெட்ரோல் டேப்பை மூடினார். "இப்ப கேளுங்க தம்பி" என்றார். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் மட்டம் இறங்க இறங்க, அணைவதற்குச் சற்று முன்னால் திணறல் போய் எஞ்சின் அழகாகச் சீராக ஓடியது, உடனே நின்றது. மட்டம் இறங்கினால் மிக்ஸ்சர் லீன் ஆகும், அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறையும். லீன் ஆகும்போது வண்டி நன்றாக ஓடுகிறதென்றால் அதுவரை ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, ஓடியிருக்கிறது. காலையில் நன்றாக இருந்து சூடேறியதும் கெடுவதற்கும் இதே காரணம், குளிர்ந்த எஞ்சினுக்கு ரிச் மிக்ஸ்சர் தேவை, சூடானதற்குத் தேவையில்லை.

ரிச் என்று உறுதியான பிறகும் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஆக்சிலரேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். இந்த வகைக் கார்புரேட்டரில் ஐடிலிங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் (ஆக்சிலரேட்டர் மேலே இழுக்கும் அடைப்பு) அடியிலுள்ள வெட்டும், காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடோடு ஏறி இறங்கும் நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும்தான் முக்கியமாக வேலை செய்யும். இரண்டு புது பிளக் வாங்கச் சொன்னார். விடியற்காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போய், ஒரு பிளக்கில் அரை ஆக்சிலரேட்டரில் நிலையாக ஓட்டி, கையைத் தளர்த்தாமல் எஞ்சினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து ஓரம்கட்டிக் கழற்ற வேண்டும். இன்னொரு பிளக்கில் அதையே முழு ஆக்சிலரேட்டரில் செய்ய வேண்டும். காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரையில் ஓடியது அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. முழுசில் ஓடியது கிட்டத்தட்ட வெள்ளை!

ஒரே வண்டி, ஒரு இடத்தில் ரிச், இன்னொரு இடத்தில் ஆபத்தான அளவு லீன். முன்பு பார்த்தவர்கள் மெயின் ஜெட்டைச் சிறிதாக்கியதால் பாதியில் இருந்த ரிச் போகவில்லை, முழு வேகத்தில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகத்தான் வழி செய்திருக்கிறது. அப்படியே நெடுஞ்சாலையில் அழுத்தியிருந்தால் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்திருக்கும். ரிச் என்றதும் ஜெட்டைக் குறைப்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகுதான் கார்புரேட்டரைப் பிரித்தார். நீடிலின் உயரத்தை வைக்கும் கிளிப் ஏற்கெனவே மேல் பள்ளத்தில், அதாவது மிகவும் லீன் நிலையில் இருந்தது. அப்படியிருந்தும் பாதியில் ரிச் என்றால் நீடில் ஜெட்டின் துளை தேய்ந்து பெரிதாகியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், துளை வட்டமாகவே இல்லை, நீடிலின் ஒரு பக்கம் உரசிப் பளபளத்தது. இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஐடிலிங்கில் இருந்த கோளாறு வேறு. ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் காற்று கூடி மிக்ஸ்சர் லீன் ஆக வேண்டும், மூன்று சுற்றுக்கு மேல் திறந்தும் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் பெட்ரோல் வேறு வழியாக உள்ளே போகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கின் பிளஞ்சரைக் கழற்றினால் அடியில் இருக்கும் ரப்பர் இறுகிப் பள்ளம் விழுந்திருந்தது. சோக்கை நான் மூடியிருந்தாலும் அது முழுசாக மூடவே இல்லை.

புது பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பிளக் கறுக்கிறதா என்றும் கேட்டேன். எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் மிக்ஸ்சர் லீன் பக்கம்தான் நகரும், பழைய வண்டி ரப்பரை அது கெடுக்கலாம், கரிக்கு நேரடிக் காரணம் அது இல்லை என்றார். சரியான பதில். ஜெட்டுகளைக் கம்பி விட்டுக் குத்தவில்லை, கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் மட்டும்தான். மெயின் ஜெட்டைப் பழைய எண்ணுக்கே திருப்பி, புது நீடிலை நடுப் பள்ளத்தில் போட்டு, ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்தார். இப்போது பிளக் வெளிர் பழுப்பு, மைலேஜ் 30-க்கு மேல், சூடான எஞ்சினுடன் அண்ணா சாலை நெரிசலில் நின்றாலும் அணைவதில்லை. கூலி 700 ரூபாய். பாகங்களை நாமே வாங்கித் தர வேண்டும், எந்தக் கடையில் நல்ல ஜெட் கிடைக்கும் என்று அவரே சொல்வார், எண் ஒன்று பொறித்துத் துளை வேறாக இருக்கும் போலி ஜெட்டுகள் நிறைய வருகின்றன. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

குறைகளும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார். பில் கிடையாது. உட்கார நிழல் இல்லை, ஒரு நாளில் முடியும் என்று நினைத்துப் போகவே கூடாது, வண்டியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகள் கார்புரேட்டரை விட்டு ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன, அவற்றை இவர் தொடுவதில்லை. கார்புரேட்டரை இவ்வளவு பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, இவரிடம் வேலை பழகும் பையன் ஒருவன் இருக்கிறான் என்பது ஆறுதல்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே போங்கள், குளிர்ந்த எஞ்சினை அவரே உதைத்துப் பார்க்க வேண்டும் என்பார். போவதற்கு முன் பிளக்கைத் துடைக்காதீர்கள், ஏர் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள், இதற்கு முன் யாராவது ஜெட் மாற்றியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.