சட்டைப்பைக்குள் அடங்கும் பிரகடனம்

மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தைத் தமிழில் கையடக்கப் புத்தகமாக வாங்கினேன். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற 30 பிரிவுகளும் முழுதாக இருக்கின்றன. தாள் கெட்டி, தையல் உறுதி. எழுத்துதான் ரொம்பப் பொடி, வயதானவர்கள் சிரமப்படுவார்கள்.

அடிமைத்தனம், சித்திரவதை போன்ற பெரிய கொடுமைகளைப் பேசும் அதே ஆவணம் அன்றாடச் சங்கதிகளையும் விடவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 24ஆம் பிரிவைப் பாருங்கள்: ஓய்வு, நியாயமான வேலைநேரம், சம்பளத்தோடு விடுமுறை. விடுப்பு கேட்கக் கூனிக் குறுகி நிற்பவர்களை எத்தனையோ பேர் பார்த்திருப்போம். அவர்கள் கேட்பது சலுகையே இல்லை! 12ஆம் பிரிவு, ஒருவரின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. வளர்ந்த மகளின் கைப்பேசியைப் பிடுங்கிப் படிக்கும் பெற்றோரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 23ஆம் பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம் கேட்கிறது.

இந்தப் பதிப்பின் முன்னுரையில் பெரிய குறை ஒன்று. பிரகடனம் நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அல்ல. 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த இரண்டு ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகள்தான் அவற்றில் சேர்ந்த நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துகின்றன. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம்பி வாதாடப் போகிறவர் பாதியில் திணறிப்போவார்.

சரி, இருந்தாலும் வாங்கலாம். முக்கியமாக, முதல் வேலைக்குச் சேரப்போகும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். 23, 24 இரண்டையும் முதலில் படிக்கச் சொல்லுங்கள்.