வளைந்தோடும் ஆற்றின் கரைக்குப் புல்லா, மரமா?

கரை அரிக்கிறது, எதை நடுவது என்று குழம்புபவர்கள் முதலில் கரையின் உயரத்தைப் பாருங்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

வேர்:
புல் – மேல்மண்ணில் நெருக்கமான வலை. வெட்டிவேர் விதிவிலக்கு, 3 மீட்டர்கூட இறங்கும்.
மரம் – தடித்த வேர், ஆழமான பிடி. ஆனால் பெரும்பகுதி வேர் மேல் ஒரு மீட்டருக்குள்தான்.

வெள்ளத்தில்:
புல் – படுத்து மண்ணை மூடிக்கொள்ளும்.
மரம் – வேகத்தைக் குறைக்கும். தனிமரமானால் சுற்றிச் சுழித்துப் பள்ளம் பறிக்கும்.

செலவு, காலம்:
புல் – மலிவு, ஒரு பருவம் போதும்.
மரம் – சில ஆண்டுகள் பிடிக்கும்.

வளைவின் வெளிக்கரைதான் சிக்கல். அங்கே நீர் அடிவாரத்தைக் குடைகிறது. வேர் எட்டாத ஆழத்தில் குடைந்தால் புல்தரை அப்படியே பாளமாகச் சரியும். மரமும் தன் எடையோடு சேர்ந்து விழும். அதனால் உயரமான கரையில் அடிவாரத்துக்குக் கல் போடாமல் எதை நட்டும் பயனில்லை என்பேன்.

உள்கரையை யாரும் கவனிப்பதில்லை. அங்குள்ள மணல்திட்டில் முளைக்கும் செடிகள் வண்டலைப் பிடித்துவைக்காவிட்டால், ஆறு பல கிளைகளாகப் பிரிந்துவிடலாம். 2009-இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வில், அல்ஃபால்ஃபா (குதிரைமசால் என்ற தீவனப் பயிர்) முளைகளை வளர்த்துத்தான் ஆய்வகத் தொட்டியில் நிலைத்த வளைவுகளை உருவாக்கினார்கள்.

சரி, எது யாருக்கு? தாழ்ந்த கரை, சிற்றாறு, அவசரம் என்றால் புல். நடுத்தர உயரம், காத்திருக்க முடியும் என்றால் மரம், இடையில் புல். உள்கரையில் தானாக முளைப்பதை வெட்டாமல் விட்டாலே போதும்.